தோட்டத்தில் ஒரு டிவி வகுப்பு: தரம் 10, 11 பிள்ளைகளுக்காக அமைத்து நடத்தும் முறை

கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ நிரந்தர ஆசிரியர் இல்லாத இலங்கைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு டிவியில் வரும் பாடம் பெரிய துணை. ஆனால் டிவியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்தால் மட்டும் வகுப்பு நடந்துவிடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு அரசு டிவிச் சேனல்களான சேனல் ஐயில் சிங்களத்திலும் நேத்ராவில் தமிழிலும் பாடங்கள் ஒளிபரப்பாகின. பாடங்கள் நல்லவைதான். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) தனியே பார்த்த பிள்ளைக்கு விளங்காத இடத்தில் நிறுத்த வழியில்லை, கேட்க ஆளில்லை, அடுத்த நாள் கொப்பியைப் பார்க்கவும் ஒருவரும் இல்லை.

மெக்சிகோவில் 1968 முதல் டெலிசெகுந்தாரியா என்ற பெயரில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வியை டிவி வழியாக நடத்துகிறார்கள். அங்கே பல காலம் கைக்கொண்ட முறையில், ஒரு பாட மணித்தியாலத்தில் டிவி ஓடியது ஏறக்குறைய 15 நிமிடம். மீதி நேரம் புத்தகம், பேச்சு, பயிற்சி. ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியர். எல்லாப் பாடத்துக்கும் அவரே. டிவியில் விளக்குபவர் ஒருவர், வகுப்பில் பிள்ளையைச் செய்யவைப்பவர் இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டதால்தான் அது நிலைத்தது. நம் தோட்டங்களுக்கும் இந்தப் பிரிவினைதான் பொருந்தும். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்தே.

முதலில் ஆள், பிறகு டிவி

டிவி வாங்கித்தர வெளியூர்ப் பிள்ளைகளும் நன்கொடையாளர்களும் கிடைப்பார்கள். வாரத்தில் நாலு நாள், இரண்டு மணித்தியாலம் தவறாமல் வந்து நிற்கும் ஆள் கிடைப்பதுதான் கடினம். அந்த ஆள் உறுதியாகாமல் டிவி வாங்காதீர்கள்.

பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஓர் அக்கா, முன்பள்ளி ஆசிரியை, கொழும்பு வேலையை விட்டுத் திரும்பிய ஓர் அண்ணன் போதும். சாதாரண தரக் கணிதத்தில் சித்தி பெற்றிருப்பது நல்லது. அதைவிட முக்கியம், “எனக்கும் தெரியாது, புத்தகத்தைப் பார்ப்போம்” என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடியவராக இருப்பது. தெரியாததைத் தெரிந்ததுபோல் விளக்கும் ஆள் பிழையைக் கற்றுக்கொடுத்துவிடுவார். அதைத் திருத்த மாதக்கணக்கு எடுக்கும்.

இருவரைப் பிடியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒருவருக்குச் சுகமில்லாத நாளில் மற்றவர் நிற்பார். பருவப் பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கும் நிலை எந்த நாளும் வரக்கூடாது.

சிறிய தொகையாவது கொடுங்கள். சும்மா வரும் ஆள் பொதுவாக இரண்டாம் மாதம் கொழும்புக்குப் போய்விடுவார். வீட்டுக்கு இவ்வளவு என்று பெற்றோரே சம்பள நாளில் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு நிலைக்கும். வெளிக்காசை மட்டும் நம்பிய ஏற்பாடு அந்தக் காசோடு நின்றுவிடும்.

இடமும் நேரமும்

கோயில் மண்டபம், வாசிகசாலை, பழைய பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்), பாடசாலையிலேயே ஓர் அறை, எதுவும் சரி. தோட்டத்துக் கட்டடமானால் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாட்கள், நேரம், மின்கட்டணம் யார் கட்டுவது என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். துரை மாறும்போது வாய்ப்பேச்சு அனுமதி போய்விடும். பாடசாலை அதிபருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதிபர் சேர்ந்துகொண்டால் வினாத்தாள், பாடநூல், தவணைப் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் எளிதில் கிடைக்கும்.

நேரத்தைப் பிள்ளைகளின் வீட்டு வேலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பாடசாலை விட்டு நடந்து வந்து, சாப்பிட்டு, தம்பி தங்கையைப் பார்த்து, தண்ணீர் எடுத்து வைக்கும் பெண்பிள்ளைக்கு 3.45க்கு முன் வரமுடியாது. இருட்டிய பிறகு தேயிலை மலை வழியே தனியே திரும்பவும் கூடாது. சிறுத்தை நடமாடும் தோட்டங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். ஆகவே 3.45 முதல் 5.30 வரை என்பது பல தோட்டங்களுக்கு ஒத்துவரும். வீடு திரும்பும்போது லயம் லயமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தரம் 11 பிள்ளை ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள். கடைசி லயத்துக்கு ஒரு பெரியவர் கூடப் போகட்டும்.

திரை எவ்வளவு பெரிது, பிள்ளை எவ்வளவு தூரம்

படம் பார்ப்பதற்கும் பாடம் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பாடத்தில் அடுக்கெண்ணும் பின்னமும் வாசிக்கத் தெரிய வேண்டும். கடைசி வரிசைப் பிள்ளை, திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்கு அப்பால் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 அங்குல டிவியின் திரை உயரம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். கடைசிப் பிள்ளை 2.4 மீற்றருக்குள். 43 அங்குலமானால் 3.2 மீற்றர், 55 அங்குலமானால் 4 மீற்றர். பக்கவாட்டில் திரையின் நடுக்கோட்டிலிருந்து 45 பாகைக்கு மேல் விலகி உட்கார்ந்தால் வரைபடம் சரிந்து தெரியும்.

கொப்பி வைத்து எழுத இடம் விட்டு உட்காரவைத்தால் 32 அங்குலத்துக்கு எட்டுப் பேர், 43க்கு 15 பேர். அதற்கு மேல் வந்தால் வரிசை கூட்டாமல் இரண்டு பிரிவாக்குங்கள். நாற்பது பேரை ஒரு சின்னத் திரைக்கு முன் அடைத்தால் பின்வரிசைப் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்க்கத் தொடங்குவார்கள். முதலில் நின்றுபோவதும் அவர்கள்தான்.

பாயில் உட்கார்ந்தால் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 80 சென்ரிமீற்றர், கதிரையில் உட்கார்ந்தால் 110. திரை மேற்கு ஜன்னலைப் பார்க்க வேண்டாம்; பின்னேர வெயில் நேராகத் திரையில் விழும்.

இனிச் சத்தம். தகரக் கூரையில் மழை இறங்கினால் டிவியின் சொந்த ஒலிபெருக்கி ஒன்றும் செய்யாது. மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் மார்கழி, தையில் வடகீழ் மழை. இந்த மாதங்களில் சத்தம் கேட்காமலேயே வகுப்பு கெட்டுப்போகும். இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளை வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் பிள்ளைகளின் இருபுறமும், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வையுங்கள். ஒலியைக் கூட்டுவதைவிடக் கிட்டக் கொண்டுவருவதுதான் பயன் தரும். வெறும் சிமெந்துச் சுவரால் எதிரொலி வந்தால் பின்சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். சொற்கள் தெளிந்து கேட்கும். அடைமழை கொட்டும்போது பாடத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியை முன்னுக்கு எடுங்கள். பதிவு செய்த பாடமானால் மழை விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாடம் எங்கிருந்து வருகிறது

வீட்டு அன்டெனாவில் வரும் சேனல்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும், காசு செலவில்லை. அரசு டிவியான ரூபவாஹினியின் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் பீதுருதாலகாலையில் நிற்கிறது. 2,524 மீற்றர் உயரத்தில் இருப்பதால் எட்டாத இடமில்லை என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு மலை நின்றால் அலை வராது. பள்ளத்தாக்கில் இருக்கும் பிரிவில் படம் புள்ளி புள்ளியாக இருக்க, அதே தோட்டத்தின் மேல் பிரிவில் தெளிவாக இருப்பது இதனால்தான். நீளக் கம்பத்தைவிட, அன்டெனாவை மலை மறைக்காத ஒரு மேட்டில் நிறுத்திக் கேபிளை இழுப்பது பலன் தரும். ஒரே உருவம் இரண்டாகத் தெரிந்தால் எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து வருகிறது. அன்டெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, படம் ஒன்றாகும் திசையில் இறுக்குங்கள்.

பள்ளத்தாக்குக்கு டிஷ் நல்லது. இலங்கைக்கு மேல் நிற்கும் செய்மதிகளில் பல உச்சிவானத்துக்கு அருகில் இருப்பதால் மலை மறைப்பது குறைவு. சவுக்கு மரக் கிளை மறைத்தால்தான் தொல்லை. நனைந்த இலை அலையை விழுங்கிவிடும். பெருமழையில் படம் உறைவது டிஷ்ஷின் இயல்பு, மழை தணிந்ததும் தானாக வரும். மழை விட்டும் வராவிட்டால் கேபிள் முனைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும்: முனையைக் கழற்றிப் பார்த்து, செம்பு பச்சை பூத்திருந்தால் ஓரங்குலம் வெட்டிப் புதிய முனை போடுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். டிஷ்ஷைத் தகரத்தில் பொருத்தாதீர்கள். காற்றில் தகரம் அதிரும்போது டிஷ்ஷும் அசையும். கம்பத்தை நிலத்தில் சிமெந்து போட்டு நிறுத்துங்கள்.

டயலொக் டிவி இணைப்புள்ள இடங்களில் நெனச என்ற கல்விச் சேனல்கள் உண்டு. தமிழ்ச் சேனல் உங்கள் பெட்டியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்திய டிஷ் பெட்டி உள்ள வீடுகளில் தமிழ்நாட்டு அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியைப் பிள்ளைகள் பார்ப்பதுண்டு. விளக்கத்துக்கு அது உதவும், பரீட்சைக்கு அப்படியே நம்ப முடியாது. பாடத்திட்டம் வேறு, கலைச்சொல்லும் வேறு. நம் புத்தகத்தில் திணிவு என்பதை அங்கே நிறை என்பார்கள். நம் புத்தகத்தில் நிறை என்பதோ அங்கே எடை. இதை அறியாத பிள்ளை நியூட்டனில் எழுதவேண்டியதைக் கிலோகிராமில் எழுதிவிட்டுப் புள்ளியை இழக்கும். அங்கத்தைய பாடம் போடும் நாளில் ஆர்முடுகல் அங்கே முடுக்கம், கலம் அங்கே செல், இழையம் அங்கே திசு என்று பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டே தொடங்குங்கள்.

கிடைக்குமானால் நேரடி ஒளிபரப்பைவிடப் பதிவு செய்த பாடம்தான் வகுப்புக்கு உகந்தது. நிறுத்தலாம், திருப்பலாம், மின்சாரம் போனால் நாளைக்குப் போடலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் பாடங்களும் பயிற்சிகளும் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அவர்களின் தளத்தில் கிடைக்கின்றன. வகுப்பு நடத்துபவருக்கு அந்த வழிகாட்டி கட்டாயம் வேண்டும். தோட்டத்தில் சிக்னல் இல்லாவிட்டால் டவுனுக்குப் போகும் நாளில் ஒரு வாரப் பாடத்தை ஒன்றாக இறக்கிக்கொண்டு வாருங்கள். வெண்பலகைப் பாடத்துக்கு 480 என்ற படத் தெளிவு போதும். 360இல் அடுக்கெண்கள் மங்கும், 1080 டேட்டாவை வீணாகக் கரைக்கும்.

பென் டிரைவை டிவி வாசிக்கவில்லை என்ற முறைப்பாடு எல்லா இடத்திலும் வரும். பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்று. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்யப்படவில்லை. அல்லது வீடியோ எம்பி4 அல்லாத வகை. அல்லது கோப்பின் பெயர் டிவிக்குப் புரியாத எழுத்தில். பெயரை எண்களால் வையுங்கள்: 10-02-07 என்றால் தரம் 10, நீங்கள் இலக்கமிட்ட இரண்டாவது பாடம், ஏழாம் அலகு. அப்போது டிவி தானாகவே வரிசைப்படுத்தும். யூடியூப் செயலிக்குள் சேமித்த பாடம் அந்த போனிலேயே ஓடும், பென் டிரைவுக்கு மாறாது. போனிலிருந்து டிவிக்கு வயர் போடலாம் என்று வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் பலர்; விலை குறைந்த போன்களில் பலவற்றில் அந்த வசதியே இல்லை. பழைய லெப்டொப் ஒன்றும் எச்டிஎம்ஐ வயரும் இருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

எந்தப் பாடமானாலும் பிள்ளையின் கையிலுள்ள பாடநூலின் அலகோடு ஒத்துப்பார்த்த பிறகே போடுங்கள். பாடத்திட்டம் மாறிய பின்னும் பழைய பாடங்கள் இணையத்தில் கிடக்கும்.

மின்சாரமும் இடியும்

டிவியின் பின்புறத் தகட்டில் வாட்ஸ் எழுதியிருக்கும். 43 அங்குல எல்ஈடி டிவி 80, டிஷ் பெட்டி 15, இரண்டு பல்ப் 18 என்று வைத்தால் 113 வாட்ஸ். 12 வோல்ற் 100 அம்பியர்-மணி பற்றரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. பாதிக்கு மேல் இறக்கினால் ஈயப் பற்றரியின் ஆயுள் விரைவில் முடியும், ஆகவே 600. இன்வேர்ட்டரில் 15 வீதம் வீணாகும், மிச்சம் 510. நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், இரண்டு நாள் வகுப்புக்குப் போதும். கணினி யூபிஎஸ் ஒன்று மட்டும் இருந்தால் இருபது நிமிடத்தைத் தாண்டாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாடத்தை முடிக்க அது உதவும்.

இந்தப் பாரத்துக்குப் பற்றரியிலிருந்து இன்வேர்ட்டருக்கு 11 அம்பியர் ஓடும். 6 சதுர மில்லிமீற்றர் வயரை ஒரு மீற்றருக்குள் போடுங்கள். மெல்லிய நீள வயர் போட்டால் பற்றரி நிறைந்திருக்கும்போதே இன்வேர்ட்டர் கத்தத் தொடங்கும். நேர்முனைக்குப் பக்கத்தில் 20 அம்பியர் ஃபியூஸ் வேண்டும். சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வெளியேறும், ஆகவே மூடிய அலுமாரிக்குள் வைக்காமல் காற்றோட்டமான மூலையில், பிள்ளைகளின் கை எட்டாமல் வையுங்கள். கார் பற்றரி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது வண்டியை ஸ்டார்ட் பண்ணச் செய்தது, நீண்ட நேரம் இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி கடுமை. சுவிச்சை நிறுத்தினால் மட்டும் டிவி தப்பாது. பிளக்கையும் அன்டெனா அல்லது டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். பல டிவிகள் கேபிள் வழியாகத்தான் எரிகின்றன. இடி முழங்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள். கறுத்துக்கொண்டு வரும்போதே கழற்றுங்கள். வகுப்பு முடிந்து பூட்டும்போது தினமும் கழற்றிவைப்பது பழக்கமானால் இரவு இடிக்கும் கவலையில்லை. கம்பத்துக்கு ஏர்த் வயரை மின்னியலாளரைக் கொண்டு போடுங்கள். டிவியைப் பொலித்தீனால் மூடவேண்டாம், மலை ஈரம் உள்ளே தங்கி மின்சுற்றுப் பலகையில் பூஞ்சை பிடிக்கும். துணி போதும்.

பாடம் நடக்கும் மணித்தியாலம்

நடத்துபவர் முதல்நாளே பாடத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும்: பாடநூலில் எந்தப் பக்கம், எந்த நிமிடத்தில் நிறுத்துவது, முடிவில் கேட்கப்போகும் மூன்று கேள்வி. இந்தக் குறிப்பு இல்லாத நாளில் டிவியைப் போடாமல் பயிற்சி மட்டும் செய்வது மேல்.

நிறுத்தும் இடத்தைத் தெரிவதுதான் இந்த முறையின் உயிர். டிவி ஆசிரியர் ஒரு கணக்கை எழுதி, விடையைத் தொடங்குவதற்கு முன் நிறுத்துங்கள். உதாரணமாகத் தரம் 10 சுற்றளவு. ஆரை 7 சென்ரிமீற்றர், மையக்கோணம் 90 பாகை உள்ள ஆரைச்சிறையின் சுற்றளவைக் காணவேண்டும். நிறுத்தி நாலு நிமிடம் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் 11 என்று எழுதியிருப்பார்கள். வில்லின் நீளம் சரி: இரண்டு தரம் 22/7 தரம் 7 என்பதில் காற்பங்கு 11தான். இரண்டு ஆரைகளையும் கூட்ட மறந்துவிட்டார்கள், விடை 25. இப்போது டிவியை ஓடவிட்டால், தன் கொப்பியில் 11 இருக்கும் பிள்ளை கண் இமைக்காமல் பார்க்கும். நிறுத்தாமல் ஓடவிட்டால் அதே பிள்ளை ஆசிரியர் எழுதும் 25ஐ அழகாகப் பார்த்தெழுதிவிட்டு விளங்கிவிட்டது என்று நினைக்கும். பரீட்சையில் மறுபடியும் 11 எழுதும்.

அரை மணித்தியாலப் பாடத்தை ஒரே மூச்சில் போடாதீர்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஓடட்டும், மிச்சம் நாளைக்கு. நேரடி ஒளிபரப்பில் நிறுத்த முடியாது, அதனால் மூன்று கேள்வியைத் தொடங்கும் முன்பே பலகையில் எழுதி, “இதற்குப் பதில் எங்கே வருகிறதோ அங்கே கையைத் தூக்கு” என்று சொல்லிவிடுங்கள். பாடம் ஓடும்போது எல்லாவற்றையும் எழுதச் சொல்லாதீர்கள். எழுதும் பிள்ளைக்குக் காது மூடிவிடும்.

மீதி அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் தனியே இரண்டு கணக்கு, பிறகு பக்கத்துப் பிள்ளையோடு கொப்பி மாற்றி ஒன்று. நடத்துபவர் வரிசைக்குள் நடந்து கொப்பியைப் பார்க்க வேண்டும், முன்னால் நின்று டிவி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

இரண்டு தரம், ஒரு டிவி

தரம் 10உம் 11உம் ஒரே மண்டபத்தில் இருப்பதுதான் வழக்கம். டிவி இருபது நிமிடம்தான் வேண்டும் என்பதால் இது சிக்கலே இல்லை. 3.45 முதல் நாலு வரை எல்லோருக்கும் நேற்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்வி. நாலு முதல் 4.20 வரை தரம் 10 டிவி பார்க்கும்; தரம் 11 பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்து கடந்தகால வினாத்தாள் செய்யும். சாதாரண தரக் கணிதம் முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 குறுவினாக்கள் உண்டு; அதில் பத்து இந்த நேரத்துக்கு அளவு. 4.20க்கு இடம் மாறுவார்கள். தரம் 11 டிவியில் இருக்கும்போது நடத்துபவர் தரம் 10 கொப்பிகளோடு நிற்பார். ரிமோட்டை ஒரு தரம் 11 பிள்ளையின் கையில், நிறுத்தும் நிமிடங்கள் எழுதிய சீட்டோடு கொடுங்கள். 4.40க்குப் பிறகு நடத்துபவர் தரம் 11க்குப் போகலாம். 5.15 முதல் விளங்காததைச் சந்தேகக் கொப்பியில் எழுதி, 5.30க்கு வீடு.

விஞ்ஞானப் பாடத்தில்

திரையில் பரிசோதனையைப் பார்த்தது மனதில் நிற்காது, கையால் ஒன்றாவது செய்ய வேண்டும். மூச்சில் காபனீரொட்சைட்டு இருப்பதைக் காட்ட வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் இறுத்து எடுங்கள். அதற்குள் உறிஞ்சுகுழாயால் மெதுவாக ஊதினால் பால்நிறமாகும். அது கல்சியம் காபனேற்று. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும், கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறுவதால். பிள்ளைகள் இதைப் பிழை என்று நினைப்பார்கள். அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கலங்கல் நீரை எடுத்து வைத்தால் ஊதுவதற்கு முன்பே பால்நிறமாக இருக்கும், பரிசோதனை கெடும்.

முதலாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்தில் 40 பல்தேர்வு வினாக்கள் வருவதால் வாரம் ஒருமுறை 15 நிமிடத்தில் பத்து என்று கடிகாரம் வைத்துச் செய்யவிடுங்கள்.

சந்தேகக் கொப்பி

டிவியைக் கேள்வி கேட்க முடியாது. அதனால் ஒரு பெரிய கொப்பியை மண்டபத்திலேயே வையுங்கள். விளங்காததைப் பிள்ளை பெயர் போடாமல் எழுதலாம். பெயர் போடச் சொன்னால் ஆண்பிள்ளைகள் எழுதமாட்டார்கள். “கணக்கு விளங்கல” என்று எழுதினால் போதாது. எந்தப் பக்கம், எந்த வரியில் நின்றுபோனது என்று எழுதப் பழக்குங்கள்.

வாரத்தில் ஒரு நாள் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து, டவுன் பாடசாலையின் பாட ஆசிரியர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முன்கூட்டியே கேட்டு ஒத்துக்கொண்டவராக இருக்க வேண்டும். வாரம் ஐந்து கேள்விக்கு மேல் அனுப்பாதீர்கள், இல்லாவிட்டால் அவர் சலித்துவிடுவார். பதிலைக் குரல் பதிவாகவும், செய்துகாட்டிய தாளின் படமாகவும் கேளுங்கள். அடுத்த நாள் படத்தை டிவியில் போட்டு, குரலை ஒலிபெருக்கியில் கேட்கவிடலாம். மூன்று பேருக்கு மேல் ஒரே கேள்வி எழுதியிருந்தால் அந்தப் பாடத்தையே மறுபடி போடுங்கள்.

வரவு குறையும்போது

மூன்றாம், நாலாம் வாரத்தில் குறையத் தொடங்கும். இடாப்பைத் தினமும் எடுங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் லயத்துக்கே போய்ப் பாருங்கள். சோம்பல் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் பாடம் தவறினால் அடுத்த நாள் பாடம் விளங்காது, விளங்காத இடத்தில் உட்கார்ந்திருக்க வெட்கம், அப்படியே நின்றுவிடும். தவறவிட்ட பாடத்தைச் சனிக்கிழமை காலை மறுபடி போடும் வழக்கம் இருந்தால் இது பெரும்பாலும் தீரும். தம்பியைப் பார்க்க ஆளில்லை என்பது காரணமானால் தம்பியையும் கூட்டிவரச் சொல்லி, வர்ணப் பென்சிலும் தாளும் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவையுங்கள். தாயிடம் பேசுவதானால் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் பிடிக்காதீர்கள், பின்னேரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்தபிறகு பேசுங்கள்.

இன்னொரு காரணம் கிரிக்கெட். மண்டபத்தில் பெரிய டிவி இருந்தால் போட்டி நாளில் ஊரே வந்துவிடும், வகுப்பு அன்றைக்கு இல்லை. இதை முதல் கூட்டத்திலேயே தோட்டத் தலைவர்மார், கோயில் கமிட்டி, இளைஞர்கள் எல்லோரும் இருக்கும்போது பேசி எழுதுங்கள்: 3.45 முதல் 5.30 வரை டிவி பிள்ளைகளுடையது. மற்ற நேரம் யார் திறப்பது, ரிமோட் யாரிடம், பழுதானால் யார் செலவு. சேனல் பூட்டின் இலக்கம் நடத்தும் இருவருக்கு மட்டும் தெரியட்டும். திருவிழா, தீபாவளி, பொங்கல் நாட்களை முன்கூட்டியே விடுமுறையாக அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் வெறும் மண்டபத்தைத் திறந்து வைத்தால் பிள்ளைகளுக்கு வகுப்பில் நம்பிக்கை குறையும்.

தவணைப் பரீட்சை முடிந்ததும் அதிபரிடம் கேட்டு விடைத்தாள்களைப் பாருங்கள். மொத்தப் புள்ளியைப் பார்த்துத் திருப்தியடையவோ மனம் விடவோ வேண்டாம். நீங்கள் நடத்திய அலகுகளிலிருந்து வந்த வினாக்களை மட்டும் பிரித்து, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எதில் வழுக்கினார்கள் என்று எழுதுங்கள். அந்த அலகுகளின் பழைய ஒரு பக்கக் குறிப்புகளை எடுத்து, எங்கே நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டிருப்பீர்கள். நிமிடத்தைத் திருத்திக் குறித்து, அடுத்த தவணையின் முதல் இரண்டு வாரத்துக்கு அந்தப் பாடங்களையே மறுபடி போடுங்கள்.